ரொட்டிக்காரரைச் சந்தேகித்த நாள்

அறுபதுகளின் நடுவில், ஒரு பிப்ரவரி மாதத்தில் நடந்தது இது. இடம், ஆல்ப்ஸ் மலையில் ஸ்டெர்ட்சிங் என்ற ஒரு பழைய ஊர். இத்தாலியிலிருந்து ஆஸ்திரியாவுக்குப் போகிற ப்ரென்னர் கணவாய்க்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இப்போதெல்லாம் சுற்றுலாக்காரர்கள் விரும்பிப் போகிற அழகான ஊர் என்கிறார்கள். அழகுதான். ஆனால் நான் பார்த்தபோது எனக்குப் பதினெட்டு வயது. என் கண்ணுக்கு அது பிள்ளை பிடிக்கிறவர்களின் ஊராகத்தான் தெரிந்தது.

நான் அங்கே எப்படிப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்களுடையது உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம். அப்போது அது செங்கல்பட்டு ஜில்லா. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை. எங்கள் தெருவில் பாதிப் பேர் கோயிலுக்குப் போவார்கள், பாதிப் பேர் சர்ச்சுக்குப் போவோம். திங்கட்கிழமை விடிந்தால் எல்லாரும் ஒரே கழனியில் நிற்போம். நான் எப்படியோ எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். பெரியம்மா மகள், என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா, கன்னியாஸ்திரிகள் நடத்திய சிறிய ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி துவைக்கிற வேலையில் இருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் என்ற ஊரில் உள்ள அவர்களுடைய ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் படிப்புக்கு அனுப்புவதாகச் சிஸ்டர்கள் சொன்னார்கள்.

சந்தோஷத்துக்கு முன்னால் வதந்திதான் வந்தது. "பொண்ணுங்கள கப்பல் ஏத்திகினு போயி வித்துடுறாங்களாம்" என்று ஒருத்தர் சொன்னார். "ரத்தம் எடுக்கறதுக்குத்தான் இட்டுகினு போறாங்க" என்றார் இன்னொருத்தர். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா அழவில்லை, தடுக்கவும் இல்லை. ஆனால் கிளம்புகிற அன்று பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கண்ணு, எவன் கேட்டாலும் இந்தப் பொஸ்தகத்த மட்டும் கையில குடுத்துடாத. காயிதம் கைய வுட்டுப் போச்சுன்னா அப்பால நாம ஆளே இல்ல."

அவர் சும்மா சொல்லவில்லை. எங்கள் தாத்தா பெயரில் இருந்த துண்டு நிலத்தின் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போன ஒரு பெரிய மனிதர், கடைசிவரை திருப்பித் தரவில்லை. அந்த நிலத்தில்தான் நைனா கூலிக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பம்பாயில் கப்பல் ஏறினோம். ஒரு சிஸ்டர் கூடவே வந்தார். இத்தாலியில் இறங்கி வெரோனா வரை எங்களோடு ரயிலில் வந்தவர், அங்கே எங்களை வேறு ரயிலில் ஏற்றிவிட்டு, தன் வேலையாக வேறு திசையில் போய்விட்டார். "இன்ஸ்ப்ரூக் என்ற பலகையைப் பார்க்கும்வரை எங்கேயும் இறங்காதீர்கள். அங்கே நம் சிஸ்டர்கள் வந்து நிற்பார்கள்" என்று இரண்டு தடவை சொல்லி, அந்தப் பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்தார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், அக்கா இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு துணிப்பையில் வைத்து, உள்பாவாடையின் இடுப்புப் பட்டியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டாள். "எல்லையில கேட்டா பிரிச்சிக்கலாம். அதுவரைக்கும் என் இடுப்புலயே இருக்கட்டும்" என்றாள்.

விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். ரயில் நின்றது. நின்றதும் விளக்கு எல்லாம் அணைந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை. மலையும் வானமும் எங்கே சேர்கின்றன என்று தெரியவில்லை. பலகையில் இரண்டு பெயர் எழுதியிருந்தது, ஒன்று ஜெர்மன் மொழியில், ஒன்று இத்தாலிய மொழியில். இரண்டுமே இன்ஸ்ப்ரூக் இல்லை.

எல்லாரும் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை. ரயில்வே ஆள் ஒருவர் வந்து கையை ஆட்டிக் கத்தினார். அப்போதும் நாங்கள் இறங்கவில்லை. கடைசியில் அவரே எங்கள் ட்ரங்க் பெட்டியைத் தூக்கி பிளாட்பாரத்தில் வைத்துவிட்டார். பெட்டி போன இடத்துக்கு நாங்களும் போகத்தானே வேண்டும்.

வெள்ளைப் புடவை, அதற்குமேல் யாரோ தானமாகக் கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டு, காலில் கான்வாஸ் ஷூ. பனியில் கால் வைத்ததும் ஷூ நனைந்து, விரல்கள் முதலில் வலித்தன, பிறகு வலிக்கவும் இல்லை. துப்பாக்கி வைத்திருந்த இரண்டு சிப்பாய்கள் எங்களையும் பெட்டியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்கள். கயிறு கட்டிய தகரப் பெட்டி. அவர்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு தள்ளிப் போய் நின்று மறுபடியும் பார்த்தார்கள்.

கூட வந்த பயணிகள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். மேலே கணவாய்ப் பக்கம் மின்சாரம் போய்விட்டது, அதனால் ரயில் போகாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. எங்களை இறக்கிவிடுவதற்காகவே ரயிலை நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் அக்கா நினைத்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் அவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சிவந்த முகம், தடித்த கை, கழுத்திலிருந்து முழங்கால்வரை தொங்குகிற நீலநிறத் துணி கட்டியிருந்தார். பனியில் இழுத்துப் போகிற மரச் சறுக்குவண்டி ஒன்றில் மாவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். என் காலைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பக்கத்தில் வந்து ஏதோ கேட்டார். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவர் ஒரு விநாடி யோசித்துவிட்டு, எங்கள் பெட்டியைத் தூக்கி மாவு மூட்டைமேல் வைத்து, கையால் வா வா என்று காட்டிவிட்டு வண்டியை இழுக்கத் தொடங்கிவிட்டார்.

"ஐயோ, பொட்டிய எத்துகினு போறான்டி!" என்று அக்கா கத்தினாள். "புடி, வுடாத!"

நாங்கள் வண்டியின் பின்கட்டையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தோம். அவர் திரும்பிப் பார்த்தார். நாங்கள் தள்ளி உதவுகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துவிட்டு இன்னும் வேகமாக இழுத்தார். சறுக்குகிற பனியில் எங்கள் பலம் எம்மாத்திரம்? வண்டியோடு நாங்களும் போனோம்.

ஊருக்குள் நுழைந்தோம். நீளமான ஒரே தெரு. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நான்கு மாடி வீடுகள், மஞ்சளும் ரோஜாவும் பச்சையுமாக. கடைகளின் மேல் இரும்பில் செய்த பலகைகள் பூவேலையோடு தொங்கின. தெருவின் நடுவே வானத்துக்குப் போகிற மாதிரி ஒரு கடிகாரக் கோபுரம், அதன் அடியில் வளைந்த வாசல். வீட்டு ஜன்னல்கள் சுவரைவிட்டுப் பெட்டி மாதிரி தெருவுக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தன. அந்த ஜன்னல்களிலிருந்து முகங்கள் எங்களைப் பார்த்தன. நான் நிமிர்ந்தால் திரை மூடிக்கொண்டது.

இன்னொன்றையும் கவனித்தேன். எதிரே வந்தவர்கள் அந்த மனிதரைப் பார்த்ததும் தெருவின் மறுபக்கம் போனார்கள். ஒருத்தர்கூட நின்று பேசவில்லை. ஒரு கிழவர் தொப்பியைத் தொட்டார், ஆனால் அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்தியா? ஊர்ல ஒருத்தனும் இவன்கிட்ட பேச மாட்டேங்கறான். ஊருக்கே ஆகாத ஆளு. இவன் கையிலயா நாம மாட்டிக்கினோம்!" என்று அக்கா என் காதில் சொன்னாள்.

கோபுரம் தாண்டி ஒரு ரொட்டிக்கடை முன்னால் வண்டி நின்றது. அவருடைய மனைவி வந்தார். ஒல்லியான பெண்மணி, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கணவர் சொன்னதைக் கேட்டதும் அவர் முகத்தில் பயம் வந்தது. எங்களை அல்ல, எங்களுக்குப் பின்னால் தெருவைத்தான் எட்டிப் பார்த்தார். பிறகு சட்டென்று எங்களை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினார்.

அந்தச் சாவி திரும்புகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

உள்ளே அடுப்பறை. அவ்வளவு இதமான சூட்டை நான் கப்பலை விட்டபிறகு அனுபவித்ததே இல்லை. ஆனால் அந்த அம்மாள் முதலில் செய்த காரியம், குனிந்து எங்கள் ஷூவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனது. "ஓடிப் போவக் கூடாதுன்னுதான்" என்றாள் அக்கா. இரண்டு கிண்ணத்தில் சூடான சூப்பும் ரொட்டியும் வந்தன. அக்கா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"துன்னாதடி. மயக்க மருந்து கலந்திருப்பாங்க."

அந்த அம்மாளுக்கு வார்த்தை புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. என் கிண்ணத்திலிருந்தே இரண்டு கரண்டி எடுத்துக் குடித்துக் காட்டினார். அப்படியும் அக்கா தொடவில்லை. எனக்குத்தான் ரொட்டி வாசனை தாங்கவில்லை. அக்கா அந்தப் பக்கம் திரும்பியபோது ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். மயக்கம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து, வரவில்லை என்றதும் இன்னொரு துண்டு எடுத்தேன்.

மூலையில் ஒரு சிலுவை மாட்டியிருந்தது. அதை அக்காவுக்குக் காட்டினேன். "சிலுவ இருந்தா? திருட்டுப் பசங்க வூட்லயும்தான் சாமி படம் மாட்டிகீது" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ரொட்டிக்காரர் வந்து எதிரே உட்கார்ந்தார். மாவு கொட்டியிருந்த மேஜையில் விரலால் ஒரு சிறு புத்தகம் வரைந்தார். அதற்குள் ஒரு முகம். அதன்மேல் முத்திரை குத்துகிற மாதிரி ஒரு குத்து. "பாஸ், பாஸ்" என்றார்.

அக்காவின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

அவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். ஜன்னலைக் காட்டினார். மறுபடியும் "பாஸ்" என்றார். மெதுவாகச் சொன்னார், கெஞ்சிச் சொன்னார், பிறகு குரலை உயர்த்தினார். அந்த அம்மாள் இடுப்பில் கட்டியிருந்த துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மணி பாக்கறான் பாரு. வாங்கறவன் வர்ற நேரமாயிடுச்சி" என்று அக்கா என்னிடம் சொன்னாள். அவரிடம் திரும்பி, எங்கள் ஊர்ச் சந்தையில் சண்டை போடுகிற குரலில், "இல்லன்னா இல்லதான்! உசுரு போனாலும் குடுக்க மாட்டோம், போ!" என்றாள்.

அவர் எழுந்தார். நீலத் துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, கோட்டு போட்டுக்கொண்டு வெளியே போனார். அரைமணி நேரம் இருக்கும், திரும்பி வந்தபோது அவரோடு இரண்டு போலீஸ்காரர்கள்.

அவர்கள் முதலில் எங்கள் பெட்டியைத் திறந்தார்கள். புடவை, ஜெப புத்தகம், அப்புறம் அம்மா கட்டிக்கொடுத்தவை. பனையோலையில் சுற்றி, சணல் கயிறு கட்டிய ஒரு கறுத்த உருண்டை. அது புளி. தகர டப்பாவில் சிவப்புத் தூள். அது மிளகாய்த் தூள். ஆனால் உருண்டையைப் பார்த்ததும் பெரிய போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போனார். சின்னவர் டப்பாவைத் திறந்து மூக்குப் பக்கம் கொண்டுபோனார். அவ்வளவுதான், கண்ணில் நீர் கொட்டத் தும்மினார், தும்மினார், அப்படித் தும்மினார். நான் பயத்திலும் சிரித்துவிட்டேன். அதுவும் தப்பாகப் போயிற்று. பெரியவர் என்னை முறைத்துக் கையை நீட்டினார். பாஸ்போர்ட்.

"யக்கா, போலீசுக்காரங்க" என்றேன்.

"நம்மூரு போலீசா இன்னா? யாரு கண்டது, இவன் கூட்டாளியா இருந்தா? கம்முனு இரு."

எனக்கும் கொடுக்கச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். அதைக்கூட அப்போது பேசவில்லை. பேசினால் மாட்டிக்கொள்வோம் என்று பயம். எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்த அந்தப் பெரிய போலீஸ்காரர், கடைசியில் எங்களை விட்டுவிட்டு ரொட்டிக்காரர் பக்கம் திரும்பினார். கடுமையாக ஏதோ கேட்டார். இவர் இரண்டு வார்த்தை பதில் சொன்னார். அடுத்த நிமிடம் அவருடைய இரண்டு கையையும் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வாங்குகிறவன் வருவான் என்று எதிர்பார்த்தோம். விற்கிறவனை அல்லவா பிடித்துக்கொண்டு போகிறார்கள்!

ஓடிவிடலாம் என்று அக்கா கதவுப் பக்கம் போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். பூட்டில் சாவி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, உள்பக்கம். காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது. நாங்கள் எப்போது நினைத்திருந்தாலும் கையால் திருப்பித் திறந்துகொண்டு போயிருக்கலாம். அந்த அம்மாள் பூட்டியது எங்களை உள்ளே வைக்க அல்ல, வெளியில் இருந்தவர்களுக்குப் பயந்து.

அந்த அம்மாள் எங்களைத் திட்டவில்லை. சிலுவைக்கு முன்னால் முழங்காலில் நின்றார். பிறகு, "பாத்தெர் நோஸ்தெர்" என்று தொடங்கினார். பரமண்டல ஜெபம், லத்தீனில். எங்கள் ஊர் சர்ச்சில் பொருள் தெரியாமலே நான் மனப்பாடம் செய்திருந்த அதே ஜெபம். என் வாய் தானாகக் கூடச் சொல்லியது. அவர் திடுக்கிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். அழுகையோடு முழுவதையும் சேர்ந்து சொல்லி முடித்தோம்.

எழுந்தவர் அலமாரியிலிருந்து ஒரு போட்டோ எடுத்து வந்தார். ரொட்டிக்காரரின் சாயலில் ஓர் இளைஞர். தம்பியாக இருக்க வேண்டும். அந்த அம்மாள் போட்டோவைக் காட்டிவிட்டு, தன் இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துக் காட்டினார். விலங்கு. பிறகு கணவரின் காலி நாற்காலியைக் காட்டினார். மறுபடியும் மணிக்கட்டைச் சேர்த்தார். பிறகு எங்களைக் காட்டி, மாவில் இன்னும் அழியாமல் இருந்த அந்தச் சிறு புத்தகத்தைக் காட்டினார்.

அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. புரிய வேண்டியவள் அவள்தான். எங்கள் ஊரில் களத்தில் நெல் மூட்டை காணாமல் போனால் போலீஸ் நேராக எங்கள் தெருவுக்குத்தான் வரும். ஒருமுறை பெரியப்பாவை, அதாவது அக்காவின் அப்பாவை, கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து வந்தார். திருடியவன் வேறு ஆள் என்று தெரிந்தபிறகும் அவரைக் களத்துப் பக்கம் யாரும் சேர்க்கவில்லை. தெருவில் அவரைப் பார்த்தால் ஒதுங்கிப் போவார்கள். மணிக்கட்டு இரண்டையும் சேர்த்து வைத்து எங்கள் பெரியம்மா அப்போது அழுதது இதே மாதிரிதான்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நம்மாலடி. நம்மாலதான் அந்தாள புடிச்சிகினு போயிட்டாங்க" என்றாள். பிறகு எழுந்து, அந்த அம்மாளிடம் விரல் இரண்டையும் வெட்டுகிற மாதிரி ஆட்டிக் கத்தரிக்கோல் கேட்டாள். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று தையலைப் பிரித்து, பாஸ்போர்ட்டை வெளியே எடுத்தாள்.

"கெளம்பு. நாமளே போயி குடுக்கலாம்."

ஷூவைத் தேடினோம். அந்த அம்மாள் ஓடிப்போய் எடுத்து வந்தார். உள்ளே செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, அடுப்பின் மேல் காய வைத்திருந்தார். போட்டுக்கொண்டபோது உள்ளங்கால் முழுக்கச் சூடு. அந்தச் சூடு எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்று பேரும் தெருவில் இறங்கி நடந்தோம். காலையில் எந்த ஜன்னல்கள் என்னைப் பயமுறுத்தினவோ அவற்றின் கீழேதான் நடந்தோம். போலீஸ் நிலையத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஓர் இளம் அதிகாரி இருந்தார். அக்கா பாஸ்போர்ட் இரண்டையும் அவர் மேஜைமேல் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் ஒரு விநாடி அப்படியே நின்றாள். பிறகு எடுத்துக்கொண்டாள். அதிகாரி படத்தையும் எங்கள் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இதைக் காலையிலேயே காட்டியிருக்கலாமே" என்றார்.

எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இங்கிலீஷில் சொன்னேன்: அந்த மனிதர் நல்லவர், கெட்டவர்கள் நாங்கள்தான் என்று. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அதிகாரிதான் எல்லாவற்றையும் விளக்கினார். அந்தப் பகுதி ஒருகாலத்தில் ஆஸ்திரியாவோடு இருந்ததாம். முதல் உலகப் போருக்குப் பிறகு இத்தாலிக்கு வந்ததாம். ஊர்க்காரர்கள் ஜெர்மன் பேசுகிறவர்கள். பிரிந்து போக வேண்டும் என்று சிலர் மின்கோபுரங்களுக்கு வெடி வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அன்று காலை கணவாயில் மின்சாரம் போனதற்கும் வெடிதான் காரணமாக இருக்கும் என்று எல்லாருக்கும் சந்தேகம். ரொட்டிக்காரரின் தம்பி அந்தச் சந்தேகத்தில் ஒரு வருடமாக உள்ளே இருக்கிறார். அதனால் அந்த வீட்டின்மேல் எப்போதும் ஒரு கண். வெளியூர் ஆளை வீட்டில் வைத்தால் அன்றைக்கே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். பாஸ்போர்ட் கிடைக்காவிட்டாலும், மறைக்கக் கூடாது என்று அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். யார் என்று தெரியாத இரண்டு பேர், வெடிமருந்து மாதிரி ஒரு கறுப்பு உருண்டை, சிவப்புத் தூள் என்று ஆனதும் அவரையே பிடித்துவிட்டார்கள்.

"அப்படியானால் இப்போது விட்டுவிடுங்கள்" என்றேன். மேலிடத்தில் கேட்க வேண்டும், நாளைக்குத்தான் என்றார். அந்த அம்மாளுக்கு அதை அவர்கள் மொழியில் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றிரவு அந்த வீட்டில்தான் தங்கினோம். அக்கா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். விடிகிற நேரத்தில் அந்த அம்மாள் தனியாக மாவு பிசைகிற சத்தம் கேட்டு எழுந்தோம். கணவர் செய்கிற வேலை அது. அக்கா கையைக் கழுவிக்கொண்டு தொட்டியில் இறக்கினாள். நானும்தான். களி கிளறிப் பழகிய கைக்கு மாவு ஒன்றும் பெரிதில்லை. அந்த அம்மாள் எங்கள் கையைப் பிடித்து, இப்படி மடி, இப்படி அழுத்து என்று காட்டினார். ரொட்டி வெந்து கடை திறந்தபோது ஊர்க்காரர்கள் வந்தார்கள். முதல் நாள் ஒதுங்கிப் போனவர்கள்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வழக்கத்தைவிட அதிகம் வாங்கினார்கள் என்று அந்த அம்மாளின் முகத்தில் தெரிந்தது.

பத்து மணி வாக்கில் ரொட்டிக்காரர் வந்தார். ஒரே நாளில் கன்னத்தில் நரைத்த முள்தாடி. கடை, ரொட்டி, மாவு அப்பிய எங்கள் கை எல்லாவற்றையும் பார்த்தார். அக்கா போய் அவர் காலில் விழுந்தாள். அவர் சுடுதண்ணீர் பட்டதுபோல் துள்ளிப் பின்னால் போனார். என்ன செய்கிறாள் இவள் என்று மனைவியைப் பார்த்தார். பிறகு நாங்கள் செய்த ரொட்டியில் ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். நாங்கள் அந்த வீட்டுக்கு வந்தபிறகு முதல் தடவையாக அந்த அம்மாள் சிரித்தார். நல்ல ரொட்டி என்று சொல்லியிருக்க மாட்டார் என்பது மட்டும் எங்களுக்குப் புரிந்தது.

மன்னித்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் எங்கள் முகத்தை நேராகப் பார்க்கவே இல்லை. கணவாயில் மின்கம்பியை அறுத்தது வெடி இல்லையாம், பனிச்சரிவாம். மதியம் ரயில் புறப்படும் என்று தகவல் வந்தது. பெட்டியைச் சறுக்குவண்டியில் வைத்து அவரேதான் இழுத்து வந்தார். இந்தமுறை நாங்கள் பின்னாலிருந்து உண்மையாகவே தள்ளினோம். எங்களை ஏற்றிவிட்டு, வெளியில் நின்று, ஆவி படிந்திருந்த ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். நான் இருந்த பக்கத்தைக் காட்டி, விரலால் எழுதச் சொன்னார். எங்கே போகிறோம் என்று கேட்கிறார் என்று நினைத்து, இன்ஸ்ப்ரூக் என்று எழுதினேன். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு விரல்களை மடக்கி எண்ணிக் காட்டினார், இத்தனையாவது பெரிய ஸ்டேஷன் என்று. இரண்டு தடவை எண்ணிக் காட்டினார். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

இன்ஸ்ப்ரூக்கில் சிஸ்டர்கள் காத்திருந்தார்கள். யாரும் எங்களை விற்கவில்லை. படித்தோம், வேலை செய்தோம். ஜெர்மன் எழுதக் கற்றுக்கொண்டதும் நாங்கள் எழுதிய முதல் கடிதம் அந்த ரொட்டிக்கடைக்குத்தான். பதில் வரவில்லை. கோபமா, வழியில் யாராவது பிரித்துப் பார்த்து நிறுத்திவிட்டார்களா, தெரியாது. பிறகு வேலை முடிந்து ஊர் திரும்பும்போது வேறு வழியாக விமானத்தில் வந்துவிட்டோம்.

நான் முப்பது வருடத்துக்கும் மேல் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தேன். மாத்திரையை வாயில் அடக்கிக்கொண்டு நான் போனதும் துப்புகிறவர்கள், மடியில் முடிந்து வைத்திருப்பதை அவிழ்க்க விடாதவர்கள், நீ யார் என் பிள்ளையைத் தூக்க என்று கத்துகிறவர்கள், எல்லாரையும் பார்த்துவிட்டேன். ஒருமுறைகூட எனக்குக் கோபம் வந்ததில்லை, ஏனென்றால் அந்தப் பயத்துக்குப் பின்னால் என்றோ ஒருநாள் யாரோ ஏமாற்றிய கதை இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நானே ஒருவரைச் சந்தேகப்பட நேரும்போது மட்டும், என் பயத்துக்கான தண்டனையை நான்தான் அனுபவிக்கப் போகிறேனா, அல்லது குற்றமே செய்யாத ஒருவர் எனக்காக அனுபவிக்கப் போகிறாரா என்று இன்றும் ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறேன்.